ஓட்டக்கொம்பு ஊதாத ஒர்வான்

கர்ஷர்களோடு போர் நடந்த அந்தப் பழைய காலத்தில் எங்கள் மெர்தாப் பள்ளத்தாக்கில் வீரர்களுக்குப் பஞ்சமில்லை. அதனால்தான் பின்வாங்கச் சொல்லி ஊதும் ஓட்டக்கொம்பை அவர்களிடம் கொடுப்பதில்லை. வீரன் ஊதமாட்டான், எல்லோரும் செத்துப்போவார்கள். ஊரிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி யாரென்று சபை கூடித் தேர்ந்தெடுத்து அவரிடம் கொடுக்கும். பதினோரு வருஷம் போட்டியின்றித் தேர்வானவர் ஒர்வான். வாத்து மேய்ப்பவர், தன் வாத்துகளுக்கே ஒதுங்கி வழிவிடுபவர். ஆறு சண்டைகளில் அவர் நேரம் பார்த்து ஊதியதால் பிழைத்தவர்கள்தான் அவரை அதிகம் கேலி செய்தார்கள்.

ஏழாவது சண்டை சல்வேன் ஆற்றுத்துறையில். ஊதினால் பள்ளத்தாக்கு கர்ஷர்களுக்கு. ஊதாமல் இருந்து கணக்கு தப்பினால் நானூறு பேர் பிணம். உச்சிவேளையில் எங்கள் முன்வரிசை உடைந்தது. படைத்தலைவி தல்மீரா ரத்தம் வழிய, ஒர்வான் கொம்போடு நின்ற மேட்டுக்கு ஓடிவந்தார்.

"ஊதுண்ணே! இன்னும் எதுக்குக் காத்துக்கிட்டிருக்க?"

"கொஞ்சம் பொறு தாயி."

"பொறுக்கறதா? நேத்து இடி இடிச்சதுக்கே கொம்பைத் தூக்கின ஆளு நீ!"

"இடி பெரிய விஷயம். இப்ப அவங்க கடைசி வரிசையைப் பாரு. செருப்பு வாரை இறுக்குறான். கேடயத்தை முதுகுக்கு மாத்துறான். தண்ணிப்பையை அவுத்துப் போடுறான்."

"அதனால?"

"ஓடப்போறவன் பண்ற வேலை தாயி. நானே இப்பத்தான் பண்ணி முடிச்சேன்."

தல்மீரா குனிந்து பார்த்தார். ஒர்வானின் செருப்பு வார் இறுகியிருந்தது. கேடயம் முதுகில் இருந்தது.

கொம்புக்காரருக்கு யாரும் கட்டளையிடக் கூடாது. கொம்பைப் பிடுங்கவும் கூடாது. தல்மீரா எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு ஆற்றுக்கே திரும்பினார். ஒர்வானின் கை நடுங்கிய நடுக்கத்தில் கொம்பு இடித்து முன்பல் ஒன்று உடைந்தது. ஆனாலும் ஊதவில்லை. நிழல் ஒரு முழம் நீள்வதற்குள் கர்ஷர்களின் கடைசி வரிசை ஓடியது. திரும்பிப் பார்த்த நடுவரிசையும் ஓடியது. பிறகு அவர்கள் சல்வேனைத் தாண்டவே இல்லை.

அடுத்த வசந்தத்தில் சபையில் ஒருவன் எழுந்தான்.

"இவருதான் இப்ப வீரராச்சே! கொம்பை வாங்கிட்டு ஈட்டியைக் குடுங்க. முன்வரிசையில நிக்கட்டும்."

"ஈட்டியா? எனக்கா?" என்ற ஒர்வான் அங்கேயே மயங்கி விழுந்தார்.

கொம்பு அவருக்கே என்று முதலில் கை தூக்கியவர் தல்மீரா. பன்னிரண்டாவது முறையும் போட்டியே இல்லை.