மீன் எண்ணெயில் ஐஸ் ஹாக்கி

ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும் உள்ள தோல்காரர்களில், ஐஸ் ஹாக்கியைப் பற்றி மூச்சு விடாமல் பேசக்கூடியவன் ஒருத்தன் இருந்தால் அது நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு என் ஃபேக்டரியில் ஷிஃப்ட் விடும்போது ரோட்டில் பஸ் நின்றுதான் போக வேண்டும். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. சம்பாதித்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

போன மாதம் குளிர்தேசத்திலிருந்து கையுறை வாங்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். எங்கள் சாம்பிள்களில் ஐஸ் ஹாக்கி க்ளவுஸைக் கையில் எடுத்துக்கொண்டு, இது எதற்கு என்று உனக்குத் தெரியுமா என்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் நாட்டு யுனிவர்சிட்டி ஒன்றின் ஆண்கள் ஐஸ் ஹாக்கி டீம் எப்படி உண்டானது, எப்படி அழிந்தது, எப்படி மறுபடி எழுந்தது என்று ஆதியோடந்தமாக ஒப்பித்தேன். என் மகன் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னான். மனிதர் டீயைக் குடிக்க மறந்துவிட்டார். இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். படிக்கவில்லை, என் மாமா சொன்னார் என்றேன். அதற்கு மேல் அவரிடம் சொல்லவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வகையறாவில் முதலில் காலேஜ் படியேறியவர். வேலூரில் படிக்கும்போது காலேஜ் ஹாக்கி டீமுக்கு கோல்கீப்பர். படிப்பு முடிந்ததும், அப்பா மேஸ்திரியாக இருந்த தோல் பதனிடும் ஷாப்பிலேயே கெமிஸ்டாகச் சேர்ந்தார். முதலாளி பாய்க்கு அவர் மேல் ரொம்ப நம்பிக்கை. தோலைப் பற்றி இன்னும் கற்றுக்கொண்டு வரட்டும் என்று குளிர்தேசத்து யுனிவர்சிட்டிக்கு அனுப்பிவைத்தார். இரண்டு குளிர்காலம் அங்கே இருந்துவிட்டு, ஒரு கனத்த கோட்டோடும் ஒரு போட்டோவோடும் மாமா திரும்பினார். கோட்டை எங்கள் ஊர் வெயிலில் போட வழியில்லை. போட்டோவை அம்மா கூடத்தில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். பீப்பாய் மாதிரி தோள்பட்டை வைத்த வெள்ளைக்காரப் பையன்கள் வரிசையாக நிற்பார்கள். ஓரத்தில், இரண்டு காலிலும் தலையணை கட்டினதுபோல் பேடு கட்டிக்கொண்டு மாமா.

அந்த டீமின் சரித்திரத்தை மாமாவுக்குச் சொன்னவர் அங்கே ஐஸ் கொட்டகையைப் பார்த்துக்கொண்ட ஒரு கிழவராம். மாமா எனக்குச் சொன்னார். நான் ஊருக்குச் சொன்னேன். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூட்டிவந்து கூடத்தில் நிறுத்துவார்கள். கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பிப்பேன்.

முதலில், காலேஜுக்குப் பின்னால் ஓடிய ஆறு உறைந்தபோது பையன்கள் மரக்கிளையை வெட்டி ஆடினார்கள். கோல் கம்பத்துக்குப் பதில் கழற்றி வைத்த பூட்ஸ். ஒரு வருஷம் ஐஸ் உடைந்து கேப்டனே ஆற்றுக்குள் போய்விட்டார். காலரைப் பிடித்துத் தூக்கிப்போட்டுவிட்டு மிச்ச ஆட்டத்தை ஆடினார்கள். அப்புறம் ஆறே வேண்டாம் என்று மைதானத்தில் குழாயால் தண்ணீர் பாய்ச்சி உறைய விட்டார்கள். அப்புறம் அதற்கு மாட்டுக்கொட்டகை மாதிரி ஒரு கூரை போட்டார்கள். யுத்தம் வந்தது. ஆட ஆள் இல்லை. கொட்டகையில் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கினார்கள். யுத்தம் முடிந்து திரும்பியவர்கள், விரல் போனவர் ஒருவர் உள்பட, மூட்டையைத் தள்ளிவிட்டு மறுபடி டீம் கட்டினார்கள். பக்கத்து ஊர் யுனிவர்சிட்டியிடம் வருஷா வருஷம் தோற்றார்கள். ஒரே ஒரு வருஷம் ஜெயித்தார்கள். அன்றைக்கு கோல்கீப்பர் முன்பல்லைக் கொடுத்துத்தான் ஜெயிக்க முடிந்தது. கடைசியில் குரலை உயர்த்தி, "இன்னொரு வருஷம் கோல்கீப்பருக்கு முட்டி பிசகிப்போச்சு. அவரு எடத்துல நின்னவரு எங்க மாமா!" என்று முடிப்பேன்.

பாலாற்றில் தண்ணீரையே அபூர்வமாகப் பார்த்த ஜனங்கள். ஆறு உறைந்தது என்றதும் வாயைப் பிளப்பார்கள். எதிர்வீட்டு அக்கா ஒருத்திக்கு மட்டும் எப்போதும் ஒரே சந்தேகம்: "அவ்ளோ ஐஸ் மேல நின்னா ஜலதோஷம் பிடிக்காதாடா?"

மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வேலூரில் நர்ஸ். பெண்ணின் அப்பா ஒரு காலேஜில் விளையாட்டு மாஸ்டர். நெட்டையான மனுஷர். எந்தக் காலத்திலோ ஹாக்கிப் பந்து பட்டு, மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். மைதானத்தில் வேர்வை சிந்தாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி, கவர்ன்மென்ட் ஆபீஸ் மாப்பிள்ளை ஒருவரைத் தொப்பையைக் காட்டித் திருப்பி அனுப்பியவர். பெண்ணின் போட்டோவை அம்மா மாமாவிடம் கொடுத்தாள். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கினவர் திருப்பித் தரவே இல்லை. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

மாஸ்டர் முதலில் தனியாக வந்தார். என்னைக் கூடத்தில் நிறுத்தினார்கள். முழுசும் கேட்டார்.

"சரித்திரம் நல்லாத்தான் கீது. பையனும் நல்லா சொல்றான்" என்றார். மாமா பக்கம் திரும்பி, "ஆனா தம்பி, ஐஸ்ல ஆடினா வேர்க்குமா?" என்றார்.

"கொட்டும் சார்."

"காதால கேட்டுட்டு நான் பொண்ணு குடுக்கறதில்ல. கண்ணால பாக்கணும்."

"இந்த ஊர்ல ஐஸுக்கு எங்க சார் போவேன்?"

"அது உன் பாடு."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அடுத்த வெள்ளிக்கிழமை பொண்ணையும் கூட்டினு வாங்க சார். ஷாப்புக்கு லீவு. ஆடிக் காட்டுவாரு" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மாஸ்டர் தெரு திரும்புகிற வரைக்கும் பொறுத்திருந்து மாமா தலையில் கை வைத்தார். அப்பா அசரவில்லை.

"ஐஸ்ல இன்னா மச்சான் விசேஷம்? வழுக்குது. அவ்ளோதான? வழுக்கறதுக்கு நம்ம ஷாப்புல இல்லாத சரக்கா?"

"கத்தி வெச்ச பூட்ஸ் அது. ஐஸை வெட்டிக்கினு நிக்கும். எண்ணெயை எங்கேர்ந்து வெட்டறது?"

"படிச்சவன் இல்ல நீ? எல்லாத்தையும் கஷ்டமாத்தான் சொல்லுவ."

உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. பதப்படுத்திய தோலை மிருதுவாக்க மீன் எண்ணெய் கொடுப்பார்கள். அந்த எண்ணெயை வெந்நீரில் கலக்கினால் பால் மாதிரி வெள்ளையாகிவிடும். வெள்ளிக்கிழமை காலையில் பாயிடம் சாவி வாங்கி, அப்பாவும் அவர் தோஸ்த்துகளும் எண்ணெய்க் கூடத்துச் சிமென்ட் தரையில் அந்தப் பாலைக் குடம் குடமாக ஊற்றி, துடைப்பத்தால் சீராகப் பரப்பினார்கள். மே மாதம். வெளியே தார் ரோடு இளகிக் கிடக்கிறது. உள்ளே தரை மட்டும் வெள்ளை வெளேர் என்று பளபளக்கிறது. நாற்றம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. சாயப் பீப்பாய்கள் கோல் கம்பம். பந்துக்குப் பதில், பூட்ஸுக்கு அடிக்கிற ரப்பர் ஹீல். மாமா பழைய தோல் துண்டுகளை மழமழப்பான பக்கம் தரையில் படும்படி காலில் கட்டிக்கொண்டார்.

விருந்தாளிகளை அழைத்துவர அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். தோஸ்த்துகள் டீ குடிக்கப் போனார்கள். கூடத்தில் நானும் மாமாவும்தான். "ஹீலை எடுத்து எறிடா" என்றார். எறிந்தேன். இடது மூலைக்கு எறிந்தால் மாமா இடது மூலையில் இருந்தார். வலது மூலைக்கு எறிந்தால் அதற்குள் அங்கே இருந்தார். ஓடவில்லை, தாண்டவில்லை, முட்டியை மடக்கிக்கொண்டு, தண்ணீரில் வாத்து போவதுபோல் சத்தமில்லாமல் நகர்ந்தார். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. போட்டோவில் இருந்த ஆளை அன்றைக்குத்தான் நான் நிஜத்தில் பார்த்தேன். மாமா சிரித்துக்கொண்டே, சட்டைப் பை நனைந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவர்கள் வந்தார்கள். மாஸ்டர் இரண்டு ஹாக்கி ஸ்டிக் கொண்டுவந்திருந்தார். பெண் நீலப் புடவையில் குடையோடு வந்து நின்றாள். அம்மா எல்லாருக்கும் கலர் சோடா கொடுத்தாள். குடித்துவிட்டு, கை பிசுபிசுக்கிறது, கழுவ வேண்டும் என்றாள் பெண். குழாய் கூடத்துக்கு வெளியே, மர ட்ரம்முகளுக்குப் பின்னால் இருந்தது. மாமா வழி காட்டினார். துண்டோடு நான் பின்னால் போனேன்.

குழாயைத் திறந்ததும் அவள் மெல்லக் கேட்டாள்: "உங்களுக்கு நெஜமாவே ஆட வருமா?"

"வரும்."

"நல்லா?"

"என்னைத் தாண்டி ஒண்ணும் போவாது" என்றார் மாமா. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்போ எங்கப்பா இன்னிக்கே முடிச்சிடுவாரு." அவள் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "எங்க ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கறவரு ஒருத்தரு இருக்காரு. அப்பாகிட்ட எவ்ளோவோ சொல்லிப் பாத்துட்டேன். மைதானத்துல கால் வெக்காத ஆளு, பேரையே எடுக்காதங்கறாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுதான். வேற யார்கிட்ட சொல்றதுன்னு தெரில."

ஆஸ்பத்திரி என்றால் எக்ஸ்ரே எடுக்க ஒருத்தர் இருக்கத்தானே செய்வார், அதை ஏன் மாமாவிடம் வந்து சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் கையை எடுத்த பிறகும் மாமா குழாயை மூடாமல் நின்றார். தண்ணீர் வீணாகிறதே என்று நான்தான் மூடினேன்.

"நீங்க போயி நிழல்ல உக்காருங்க" என்றார் மாமா.

கூடத்தின் காய்ந்த விளிம்பில் மாஸ்டர் காலை அகட்டி நின்று சட்டைக் கையை மடித்துவிட்டார். மாமா பீப்பாய்களுக்கு நடுவில் போய் நின்றார். "ஒண்ணு தடுத்தா போதும் தம்பி" என்றார் மாஸ்டர். "இங்கயே வெத்தலை பாக்கு மாத்திக்கலாம்." அம்மா தாம்பாளத்தோடு தயாராக நின்றாள்.

மாஸ்டர் அடித்தார். ஹீல் பாதித் தூரம் வருவதற்குள் மாமாவின் இரண்டு காலும் ஆகாயத்துக்குப் போய்விட்டன. முதுகு தரையில் அறைந்த சத்தம் கேட்டது. ஹீல் அவர் காதோரமாக உள்ளே போயிற்று.

"கால் செட் ஆவல சார், இன்னொன்னு அடிங்க" என்று அப்பா கெஞ்சினார். மாஸ்டர் பாவம் பார்த்து மெதுவாகத் தள்ளிவிட்டார். குழந்தைகூட நிறுத்திவிடும். மாமா அது வருகிற பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் பாய்ந்தார். குப்புற விழுந்து, சறுக்கிக்கொண்டே போய்ப் பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார். அது இடித்து, பின்னால் இருந்த இன்னொரு பீப்பாய் உருண்டு அப்பாவின் தோஸ்த்துகளில் ஒருவரைச் சாய்த்தது. அவரைத் தூக்கப்போனவரும் விழுந்தார்.

மாஸ்டர் ஸ்டிக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இவரா டீம்ல நின்னாரு? டீமுக்குத் தண்ணி தூக்கியிருப்பாரு!"

கூடமே சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாகூடச் சிரித்தாள். அப்புறம் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். பெண் மட்டும் சிரிக்கவில்லை. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு மாமாவையே பார்த்தாள். இவ்வளவு பெரிய வேடிக்கைக்குக்கூடச் சிரிக்கத் தெரியாதவளைக் கட்டிக்கொண்டு மாமா என்ன செய்யப்போகிறார் என்று நினைத்தேன்.

தண்ணி தூக்கினவர் என்ற பேர் மாமாவுக்கு நிலைத்துவிட்டது. வீட்டுக் கூடத்தில் என்னை நிறுத்துவதும் அன்றோடு நின்றது. மாமா நெமிலிப் பக்கத்தில் பெண் எடுத்தார். எனக்கு அத்தையாக வந்தவர் நல்ல மனுஷி. அவரும் சாகிறவரை, புருஷன் வெள்ளைக்காரனுக்குத் தண்ணி தூக்கினார் என்றுதான் நம்பினார். மாமா மறுத்ததே இல்லை. விளையாட்டு மாஸ்டர் இன்னும் இரண்டு வருஷம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, பெண்ணை அந்த எக்ஸ்ரேக்காரருக்கே கொடுத்தார். இதெல்லாம் எனக்கு மீசை வந்த பிறகு தெரிந்த சங்கதி.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், காலையில் என் கண்ணால் பார்த்தேன் என்பது ஒன்றுதான். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. "பொய்யி! எங்க மாமா சூப்பரா ஆடுவாரு! காலைல நான் எறிஞ்சேன்..." என்று கத்திக்கொண்டே வெள்ளைத் தரையில் ஓடினேன், வழுக்கினேன், மாமா மேலேயே போய் விழுந்தேன். அவர் பீப்பாயை விட்டுவிட்டு எழுந்து, என்னையும் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். எண்ணெய் சொட்டும் கை ஒன்று என் வாயை முழுசாக மூடியது. இன்னொரு கை என் தோளை இறுக்கியது. மீன் நாற்றத்தில் மூச்சு முட்டியது. ஐயோ பாவம், மறுபடி விழுந்துவிடுவோமோ என்று பயந்து நம்மைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, காலைத் தரையில் ஊன்றி, கம்பம் மாதிரி நின்றேன். அவர்கள் பஸ் ஏறப் போகிறவரை அவர் கையை எடுக்கவில்லை, நானும் அசையவில்லை. மாமாவை விழாமல் தாங்கிப் பிடித்தது நான்தான் என்று பள்ளிக்கூடத்தில் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.