எங்கள் வீட்டுச் சட்டம்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. குளிசையை ஒழுங்காகப் போட்டால் வராது. கடைசியாக வந்து பல வருடமாகிறது. ஆனாலும் எனக்குப் பேசிய சம்பந்தங்கள் எல்லாம், விஷயம் கேள்விப்பட்டதும் குழம்பிப் போயின. அதனால் தங்கச்சிக்குப் பேசத் தொடங்கியபோது, எனக்கு அப்படியொரு நோய் வருத்தமே இல்லை என்று அம்மா முடிவு கட்டிவிட்டார்.

கலியாண மண்டபத்துக்கும் என்னை விடவில்லை. கமெரா வெளிச்சம் பட்டு மணவறைக்கு முன்னால் விழுந்து வைத்தால் என்ன செய்வது? அக்காவுக்குக் கடும் காய்ச்சல் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்னார்கள். தாலி கட்டுவதை மில்லிக்கனில் உள்ள எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்து நேரலையில் பார்த்தேன். தங்கச்சி நல்ல வடிவாக இருந்தாள். அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது.

மூளை சரியில்லை என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் கலியாணம் செய்யக் கூடாது என்று நாங்கள் குடியேறிய இந்த நாட்டிலும் ஒரு காலத்தில் சட்டம் இருந்ததாகப் பிறகு வாசித்தேன். இந்தக் கண்டத்தில் சில இடங்களில் வலிப்புக்காரரும் அந்தக் கணக்கில்தானாம். என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரி, நல்ல காலம், அதெல்லாம் ஒழிந்துவிட்டது என்றாள். எங்கே ஒழிந்தது? எங்கள் வீட்டுக்கு வந்து பார் என்று சொல்ல வாய் வரை வந்தது.

போன மாரியில் தங்கச்சியின் மகளுக்கு, என் பெறாமகளுக்கு, திடீரென்று வலிப்பு வந்தது. அள்ளிக்கொண்டு ஒஷாவாவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டொக்டர் கேட்டார். தங்கச்சி புருஷனைப் பார்த்தாள். பிறகு, இல்லை என்றாள்.

குட்டி கட்டிலில் துவண்டு போய்க் கிடந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு இருக்கிறது என்றேன். போடுகிற குளிசையின் பெயரையும் சொன்னேன். தங்கச்சியின் புருஷன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிள்ளைக்கும் அதே குளிசையைத்தான் எழுதினார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"நடந்தது நடந்து போச்சு. பிள்ளைக்கு வருத்தமெண்டு வெளியில மூச்சு விட்டிடாத. நாளைக்கு அவளுக்கொரு கலியாணம் பேசேக்க, உன்ர கதிதான் அவளுக்கும்."

பிள்ளைக்கு அப்போது நாலு வயது.