அக்காவின் ஏற்புரை

முதன்முதலாக ஜெர்மன் மொழியில் ஐந்து நிமிடம் பேசி முடித்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் விரல் முட்டிகளால் மேசையைத் தட்டினார்கள். கதவைத் தட்டுவதுபோல, டொக் டொக்கென்று. ‘போதும், உட்கார்’ என்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். குறிப்பு அட்டைகளை அள்ளிக்கொண்டு என் நாற்காலிக்கு ஓடிவிட்டேன். பயிற்சி நடத்தும் ஹைக்கே பக்கத்தில் வந்து, “பாராட்டும்போது ஏன் ஓடுகிறாய்?” என்று கேட்டாள். இங்கே இப்படித்தான். நல்ல பேச்சுக்கும் மேசையைத் தட்டுவார்கள், உணவுக்கூடத்தில் சாப்பிட்டு எழும்போதும் தட்டுவார்கள். பதினாறு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். எந்தத் தட்டல் எனக்கானது என்று இன்னமும் சட்டென்று தெரிவதில்லை.

வடக்கு ஜெர்மனியில் ஒரு சிறிய ஊர். அங்குள்ள மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை எனக்கு. குழாய்களோடும் இயந்திரங்களோடும்தான் பகல் போகும். காலையில் வணக்கமாக ஒரு ‘மோர்கன்’, வேலை முடிந்து விடைபெற ஒரு ‘ச்சூஸ்’. இரண்டு சொல்லோடு முடிந்துபோன நாட்கள் உண்டு. வெளிநாட்டில் தனியாக இருப்பவர்களுக்கு இது புரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தொண்டையைச் செருமினால் குரல் யாருடையதோபோல இருக்கும். அப்படியிருந்த ஒரு நாளில்தான் நூலக வாசலில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன்: மேடையில் பேசக் கற்றுக்கொள்ளலாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய் மாலை ஆறு மணி. நான் மேடைப் பேச்சாளராக ஆசைப்பட்டுப் போகவில்லை. அங்கே போனால் ஐந்து நிமிடம் பிறர் நம்மைக் கேட்டே ஆகவேண்டும் என்பதற்காகப் போனேன்.

ஹைக்கே ஓய்வுபெற்ற தபால்காரி. அவள் சொன்ன பாடம் மிக எளிது. பேச்சு முடிந்து போகிறவர் வீட்டுக்கு எதை எடுத்துப் போகவேண்டும் என்பதை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுது. அதைத் தாங்க மூன்று செய்திகளுக்கு மேல் வேண்டாம். செய்திக்கு ஓர் அட்டை. அட்டையில் வாக்கியம் எழுதாதே, சொற்களை மட்டும் எழுது. முதல் வரியும் கடைசி வரியும் மனப்பாடமாக இருக்கட்டும், நடுவில் உள்ளதை வீட்டில் வாய்விட்டுப் பேசிப் பேசிப் பழகு. கடிகாரம் வைத்துக்கொள். மேடை ஏறியதும் உடனே பேசாதே. பாதத்தை ஊன்றி நில், மூச்சை விடு, கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்து அதனிடம் பேசு. முக்கியமானதைச் சொன்னபின் மனதுக்குள் மூன்றுவரை எண்ணு. அந்த மௌனத்தில்தான் கேட்பவர் உள்ளே வருவார்.

எனக்கு இது புதிதாக இருந்தது. எங்கள் ஊரான ஏரலில் ஆறாம் வகுப்புப் படித்தபோது பேச்சுப் போட்டி என்றால் யாரோ எழுதிக் கொடுத்த நான்கு பக்கத்தை ஒப்பிப்பது. “அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்” என்றேன், அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். கணக்கு ஆசிரியையாகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த கோமதி அக்காதான் என்னைக் கூட்டிப்போக வந்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது, “விடுட்டி. நம்ம வீட்ல யாரு வாயத் தெறந்து பேசிருக்கா, நீ பேசுததுக்கு?” என்றாள். உண்மைதான். அப்பா இறந்தபோதுகூட அம்மா சத்தமாக அழவில்லை. எங்கள் வீட்டில் துக்கமும் சந்தோஷமும் சமையலறைக்குள்ளேயே பேசி முடிக்கப்பட்டுவிடும்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைப் படிக்கவைத்தாள், கட்டிக்கொடுத்தாள், விமானம் ஏற்றினாள். அம்மாவோடு வண்ணார்பேட்டைக்குக் குடிவந்து, அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். ஏழு வருடத்துக்கு முன் நானும் என் கணவரும் பிரிந்தோம். அப்போது அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன். “அம்மைக்குத் தெரிய வேண்டாம்” என்றாள். அன்றிலிருந்து தினமும் பள்ளி இடைவேளையில் போன் செய்வாள். எனக்கு அப்போது விடிகாலை. “எந்திச்சிட்டியா? சாப்பிட்டுட்டுப் போ” என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அந்த அழைப்பு இல்லையென்றால் சில மாதங்கள் நான் எழுந்தே இருக்கமாட்டேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் கூடுதலாக இரண்டு வரி பேசினாள். “ஏட்டி, நான் ரிட்டயர்டு ஆவுதேம்லா. ஸ்கூல்ல விழா வைக்காங்க. குடும்பத்துல ஒராளு பேசணுமாம். நீ வருவியா?”

“வாரேன்க்கா. நீயும் ஏற்புரை சொல்லணுமே?”

“நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துருவேன். இத்தன வருஷமும் போர்டைப் பாத்துல்லா பேசிருக்கேன்.”

மூன்று அட்டைகள் தயாரித்தேன். முதல் அட்டையில் அக்காவின் கணக்கு வகுப்பு. இரண்டாவதில் அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்ட விதம். மூன்றாவதில் ‘பிரிவு, விடிகாலை, போன்’ என்று மூன்றே சொற்கள். வாழ்க்கையில் ஒருமுறையாவது அவளுக்கு நன்றியை வாய்விட்டு, பத்துப்பேர் கேட்கச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் ஒற்றை வாக்கியம். நூலகத்தில் ஜெர்மனில் பேசிக் காட்டினேன். “மூன்றாவது அட்டைதான் பேச்சு. மற்றவை அதற்குக் கட்டிய வாசல்படி” என்றாள் ஹைக்கே. சொல்லப் பயமாக இருக்கிறது என்றேன். “மேடையைப் பார்த்தா?” என்று கேட்டாள். இல்லை, செய்தியைப் பார்த்து என்றேன். அவளுக்குப் புரியவில்லை. “எல்லோருக்கும் தெரிந்ததுதானே?” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அம்மா போய் நான்கு வருடமாகிவிட்டது, இனி மறைக்க யார் இருக்கிறார்கள்?

விழாவுக்கு முந்தின நாள் மதியம் வண்ணார்பேட்டையில் போய் இறங்கினேன். பெட்டியை உள்ளே வைப்பதற்குள் எதிர்வீட்டு சங்கரிக்கா வந்துவிட்டாள்.

“மாப்பிள்ளை வரலியா வடிவு? இந்தத் தடவையும் லீவு கெடைக்கலியோ?”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கண் இமைக்காமல், “அவருக்கு வேலை சாஸ்திக்கா. அடுத்த வருசம் வந்துருவாரு” என்றாள்.

சங்கரிக்கா போனபிறகு கேட்டேன். “இன்னுமாக்கா?”

அக்கா தண்ணீர்ச் செம்பை என் கையில் கொடுத்துவிட்டு முகம் பார்க்காமல் பேசினாள். “அம்மைக்காவத்தான் சொன்னேன். அம்ம போனப்புறம் எப்பிடி மாத்திச் சொல்லன்னு தெரியலட்டி. ஒருத்திட்ட லீவு இல்லங்கேன். இன்னொருத்திட்ட அவருக்கு முதுகு வலிங்கேன். யார்ட்ட எத சொன்னேன்னு நெனவு வச்சுக்கிடுததே பெரும்பாடா இருக்கு.”

 அவள் முகம் கழுவப் போனபோது மூன்றாவது அட்டையை எடுத்துப் பெட்டியின் அடியில் துணிகளுக்குக் கீழே வைத்தேன்.

மறுநாள் பள்ளி உள்ளரங்கம் நிறைந்திருந்தது. மாலை, பொன்னாடை, மேடையில் இருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் பட்டத்தோடு சொல்லி வணக்கம். முன்வரிசையில் போன் பேசிக்கொண்டிருந்தார்கள், பின்வரிசையில் குழந்தை அழுதது, மின்விசிறிகள் கடகடத்தன. தலைமையாசிரியை என்னை அறிமுகப்படுத்தினார். “கணவரோடு ஜெர்மனியில் சீரும் சிறப்புமாக வாழும் சகோதரி” என்றார். நான் பாதத்தை ஊன்றினேன், மூச்சை விட்டேன், அக்காவின் முகத்தைத் தேர்ந்தெடுத்துப் பேசத் தொடங்கினேன். முதல் அட்டை நன்றாகவே போனது. இரண்டாவதில் அம்மாவைப் பற்றிச் சொல்லி முடித்தபோது சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அதற்குப்பின் என்னிடம் எதுவும் இல்லை. உண்மையான பேச்சு மூன்றாவது அட்டையோடு பெட்டிக்குள் இருந்தது. நின்றேன். ஒன்று, இரண்டு. மூன்று எண்ணுவதற்குள் மைக்செட்காரர் ஓடிவந்து, “ஹலோ, ஹலோ” என்று ஊதிப் பார்த்தார். ஓர் ஆசிரியை தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “பைய சொல்லும்மா, பைய” என்று யாரோ கீழேயிருந்து சொன்னார். எங்கள் ஊரில் மௌனம் என்றால் மைக் கெட்டுவிட்டது, அல்லது ஆளுக்கு உடம்புக்கு ஆகவில்லை. “இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்” என்று சொல்லி உட்கார்ந்தேன். பலமாகக் கைதட்டினார்கள். ஏரல் பள்ளி மேடையில் நின்ற அதே பிள்ளையாக என்னை உணர்ந்தேன்.

ஏற்புரைக்கு அக்காவை அழைத்தார்கள். கழுத்து மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வந்தாள். கையில் தாள் இல்லை. மைக்குக்கு மிக அருகில் நின்றதால் அவள் மூச்சு அரங்கம் முழுக்கக் கேட்டது.

“எல்லாருக்கும் நன்றி” என்றாள். உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். உட்காரவில்லை.

“என் தங்கச்சி இப்பம் பேசும்போது இடையில நின்னுட்டா. மைக்கு சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் அவ வாய அடச்சேன். அவளும் அவ வீட்டுக்காரரும் பிரிஞ்சு ஏழு வருசமாச்சு. நான் ஒங்க எல்லார்ட்டயும் பொய் சொல்லிட்டேன். கணக்கு தப்பாப் போட்டா பிள்ளையளையே அழிக்கச் சொல்லுவேன். நான் போட்ட தப்புக் கணக்க நானே அழிக்கணும்லா. அவ அங்கன தனியாத்தான் இருக்கா. நானும் இங்கன தனியாத்தான் இருக்கேன். வேற ஒண்ணுமில்ல. நன்றி.”

அரங்கத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. போன் பேசியவர்களும் நிறுத்தியிருந்தார்கள். நான் மூன்றுக்கும் மேலே எண்ணினேன். நன்றியுரை சொல்லவேண்டிய ஆசிரியை, தாளை இரண்டாக மடித்துக்கொண்டு நேராக நாட்டுப்பண்ணுக்கு அழைத்துவிட்டார்.

இனிப்புப் பொட்டலம் கொடுக்கும் இடத்தில் சிலர் என்னைப் பார்க்காமல் கடந்து போனார்கள். சங்கரிக்கா மட்டும் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “எங்கிட்ட சொன்னா என்னட்டி?” என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, உடம்பு கூசியது. என் வாழ்க்கையை நான் சொல்லாமல் வேறொருவர் சொல்லக் கேட்டது வலித்தது.

ஆட்டோவில் போகும்போது கேட்டேன். “ஏன்க்கா சொன்ன?”

“தெரியல. நீ அப்பிடி நின்னத என்னால பாக்க முடியல. கோவமா?”

“கொஞ்சம் கோவந்தான்.”

“இருந்துட்டுப் போட்டும்” என்று சொல்லி வெளியே பார்த்துக்கொண்டாள். வீடு வருவதற்குள் அவள் கை என் மடிமேல் வந்திருந்தது. நான் நன்றி சொல்லவில்லை. சொல்ல நினைத்த அந்த ஒற்றை வாக்கியம் இன்னமும் என்னிடமேதான் இருக்கிறது.

திரும்பி வந்தபின் கோபம் வற்றிவிட்டது. ஆனால் காலை அழைப்புகள் சுருங்கிவிட்டன. முன்பெல்லாம் “சாப்பிட்டுட்டுப் போ” என்ற வரியாவது இருக்கும். இப்போது, “எந்திச்சிட்டியா?” என்கிறாள், “எந்திச்சிட்டேன்” என்கிறேன், பிறகு இருவரும் போனைக் காதில் வைத்தபடி சும்மா இருக்கிறோம். பொய் போன இடத்தில் வைக்க எங்கள் இருவரிடமும் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் உடனே வைப்பதில்லை, நானும் வைப்பதில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை நூலகத்தில் அந்த ஏற்புரையைப் பற்றித்தான் பேசினேன். அட்டை எடுத்துப் போகவில்லை. அக்காவின் கடைசி வரிகளை ஜெர்மனில் சொல்ல முயன்று, ‘தனியா’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஹைக்கே உதவ வந்தாள்.

“அலைன் என்றாளா, ஐன்ஸாம் என்றாளா? முதலாவது, கூட ஆள் இல்லை என்பது. இரண்டாவது, அது வலிக்கிறது என்பது.”

எனக்குத் தெரியவில்லை. அக்கா சொன்ன சொல் இரண்டுக்கும் பொதுவானது. அவளிடம் கேட்டால் அவளுக்கும் தெரியாது. அதனால் அந்தச் சொல்லையே தமிழில் சொன்னேன். ஒன்பது பேரும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்கள். கடைசி நாற்காலியில் காது சரியாகக் கேட்காத ஹெர்பர்ட் என்ற முதியவர் கையைத் தூக்கினார். ‘தனியா’ அவர் காதில் ‘டான்யா’ என்று விழுந்திருக்கிறது; அது இங்கே பெண்களுக்கு வைக்கும் பெயர்.

“மன்னிக்கவும். யார் அந்த டான்யா? உன் அக்காவா?”

“இல்லை, நான்தான்” என்றேன்.

அவர் சந்தோஷமாகத் தலையாட்டி, தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் தொப்பியைத் தூக்கி, “அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம், டான்யா” என்றார். நான் திருத்தவில்லை.