புது டிவிக்குள் ஒரு குடும்பம்

என் தம்பி டிவி விற்கப் போவதாகச் சொன்னபோது, "யாரோட டிவி?" என்றுதான் முதலில் கேட்டேன். அதுவரை அவன் அடையாறில் ஒரு மாடி போர்ஷனை வாடகைக்கு எடுத்து, போன் சார்ஜரும் ஹெட்போனும் விற்றுக்கொண்டிருந்தான்.

"என்னோடதுதான். பேனல் வெளிநாட்டுலேர்ந்து வரும். இங்க சேர்த்து, நம்ம பேரைப் போட்டு ஆன்லைன்ல விக்கிறோம். கடை கிடையாது, கடைக்காரருக்குக் கமிஷன் கிடையாது, விளம்பரத்துக்கு நடிகர் கிடையாது. அதான் பாதி விலை."

கேட்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் பிசிக்ஸ் எடுக்கிறவள். விடை ரொம்பச் சரியாக வந்தால், பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியிருப்பானோ என்று தோன்றும். தொழில் புத்தி. தம்பியிடமும் அது போகவில்லை.

டிவி நன்றாகவே விற்றது. மாடி போர்ஷன் போய் பெருங்குடியில் ஒரு தளம் வந்தது, பிறகு அதற்கு மேல் தளமும். நடிகர் வேண்டாம் என்றவன் தி. நகரில் ஒரு நடிகர் சிரிக்கிற பேனர் வைத்தான். சொந்தக்காரர்கள் என்னிடம் தள்ளுபடி கேட்க ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் ஒரு ஹெட்போன் திரும்பி வந்தால், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே அதைப் பிரித்துப் போட்டு, எந்த ஒயர் விட்டுப்போச்சு என்று காட்டுவான். இப்போது சாப்பிடும்போதும் போனைப் பார்த்தபடி இருந்தான்.

ஒருநாள் அலுத்துக்கொண்டான். "கிரிக்கெட்டுக்கு முன்னாடி வாங்கறாங்க, ஃபைனல் முடிஞ்சதும் பிடிக்கலைன்னு திருப்பி அனுப்பறாங்க."

"அப்படி வர்ற டிவியையெல்லாம் என்ன பண்ணுவே?"

"அதுக்கெல்லாம் ஆள் இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு ரசத்தைக் கேட்டான்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற பெண் பெசன்ட் நகர் குப்பத்தில் இருக்கிறாள். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். புதிதாக ஒரு அறை கட்டி, அதில் மாட்ட டிவி தேடிக்கொண்டிருந்தாள். தம்பி கம்பெனியைச் சொன்னேன். என் பேச்சை நம்பி, மகளின் போனில் ஆர்டர் போட்டாள்.

அடுத்த வாரம் மீனை நிறுத்துக் கொடுத்தவள் கூடையைத் தூக்காமல் நின்றாள்.

"யக்கா, புது டிவின்னு தானே சொன்னே?"

"ஏன், ஓடலையா?"

"நல்லாதான் ஓடுது. உள்ள யாரோ குடும்பம் கீது."

எனக்குப் புரியவில்லை. அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கே போனேன். டிவியைப் போட்டு, சேனல் எதுவும் வைக்காமல், எதையும் தொடாமல் இருவரும் பாயில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் திரை தானாக மாறியது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குழந்தை. பிறகு அதே குழந்தை ஒரு தாத்தாவின் மடியில். பிறகு கல்யாண மண்டபம் ஒன்றில் தெலுங்கில் எழுதிய பலகைக்கு முன்னால் வரிசையாக நின்ற ஆட்கள். யாரோ தங்கள் வீட்டுப் படங்களை இந்த டிவியோடு இணைத்துவிட்டு, அந்த இணைப்பை நீக்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"டப்பா பிரிச்சிருந்துச்சா?"

"இன்னாக்கா நீ, நான்தான் கத்தியால கீசினேன். சீலு வச்சிருந்தாங்க. பிளாஸ்டிக்கு கூட உரிக்கல." பிறகு என்னையே பார்த்தாள். "உன் தம்பிதானே? உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் பள்ளி முடிந்ததும், சொல்லாமல் பெருங்குடிக்குப் போனேன். தம்பி என்னைத் தன் கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காபி வரவழைத்தான். "நம்ம தெருவுக்கு மீன் கொண்டு வருவாளே, அவ வாங்கின டிவியில..." என்று ஆரம்பித்தேன்.

"ரிட்டர்ன் செட்டா இருக்கும். குடோன்ல மாறிப் போயிருக்கும். உடனே வேற அனுப்பிடறேன்" என்றான்.

டிவியில் என்ன என்று நான் இன்னும் சொல்லவே இல்லை. உடைசலாக இருக்கலாம், சத்தம் வராமல் இருக்கலாம். அவன் எதுவும் கேட்கவில்லை. காபியை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். திரும்பும் பஸ்ஸில் அது ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாளே குப்பத்துக்கு வேறு டிவி போனது, அவள் வாங்கியதைவிடப் பெரியது. அவள் வண்டியிலிருந்து இறக்கவே விடவில்லை.

"நான் கேட்டது சின்னது. பெருசு எதுக்குக்கா, என் வாயை மூடவா?" என்று எனக்குப் போன் செய்தாள். அதே அளவில் வேறொன்று வரவழைத்தோம். இந்தமுறை நானும் போனேன். பெட்டியைப் பிரித்து, மாட்டி, படம் தானாக மாறும்வரை காத்திருந்தோம். யார் வீட்டு ஆட்களும் இல்லை, கம்பெனி வைத்த மலையும் ஆறும்தான் வந்தன. அவள் முகம் இளகியது. போகும்போது டீ கொடுத்தாள்.

சில மாதம் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்தான். திரும்பி வந்த டிவிகளைத் தனியாக, பழசு என்று சொல்லியே குறைந்த விலைக்கு விற்கப்போகிறானாம். "நீ வந்து சொன்னதாலதான்" என்றான். சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

"இதுவரைக்கும் புதுசுன்னு போனதெல்லாம்? உனக்குத் தெரிஞ்சுதான் போச்சா?"

"தெரிஞ்சிருந்தா உன்கிட்ட சொல்லியிருப்பேனாக்கா?" என்று சிரித்தான்.

அவன் போனபிறகு அந்த வாக்கியத்தை எடுத்துவைத்துப் பார்த்தேன். தெரியாது என்றும் கொள்ளலாம், தெரிந்தாலும் சொல்லமாட்டேன் என்றும் கொள்ளலாம். சின்ன வயதிலிருந்து அவன் முகத்தைப் படித்தவள் நான், அன்று முடியவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. இப்போது யாராவது அவன் கம்பெனி டிவி வாங்கலாமா என்று கேட்டால், "வாங்குங்க, ஆனா ஒரு சாயங்காலம் முழுக்கச் சும்மா ஓடவிட்டுப் பாருங்க" என்கிறேன். ஏன் என்று கேட்கிறவர்களுக்குக் காரணம் சொல்வதில்லை.