பெயர் சொல்லாத பாட்டு

மெல்பனின் நோபல் பார்க்கில் சிவகௌரியைத் தெரியாத தமிழ்ச் சனம் குறைவு. இருபது வருடம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியவள். வாய் கொஞ்சம் நீளம். மேற்பார்வையாளரே அவளைக் கண்டால் மறுபக்கம் திரும்பிப் போவாராம். அப்பேர்ப்பட்ட வாயில் ஒரே ஒரு சொல் மட்டும் வந்ததில்லை, கணவர் தேவராஜாவின் பெயர். கலியாணமாகி முப்பத்திநாலு வருடமாக அவரைக் கூப்பிடுவதெல்லாம் "இஞ்சாருங்கோ" என்றுதான். ஆஸ்பத்திரியில் கணவர் பெயரைக் கேட்டால்கூட, அவருடைய லைசென்ஸை வாங்கி நீட்டுவாள்.

போன வருடம் முழங்காலில் ஒப்பரேஷன் நடந்தது. ஆறு கிழமை அவளால் குனிய முடியவில்லை. தினமும் காலையில் தேவராஜா நிலத்தில் குந்தி அவளுக்குச் சொக்ஸ் போட்டுவிட்டார். அதைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் அது கிடந்து அரித்தது. இந்த மனிசனிடம் ஒரு நாளாவது வாய் திறந்து அன்பாக ஒரு சொல் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்தாள். இல்லை.

கால் தேறியதும் மகள் மிருணாளினி அவளை ஹவாய் நடன வகுப்பில் சேர்த்துவிட்டாள். சொல்லிக்கொடுத்தவள் மலியா, ஹவாயில் பிறந்து மெல்பனில் வாழ்க்கைப்பட்டவள். முதல் பாட்டில் மலைச்சரிவில் மழை இறங்கும், சிவப்புப் பூவொன்று நனைந்து நடுங்கும். நல்ல மழைப் பாட்டு என்று நம்பிய சிவகௌரி, மூத்தோர் சங்கத்துப் பொங்கல் விழாவில் கோயில் ஐயர் முன்னிலையில் ஆடியும் காட்டினாள். இது விவசாயத்தைப் பற்றியது என்று மைக்கில் விளக்கம் வேறு. ஐயரும் கைதட்டினார்.

அடுத்த வகுப்பில்தான் மலியா பாட்டின் கதையைச் சொன்னாள். அவளுடைய ஊரில் இடத்துக்கு இடம் மழைக்குத் தனிப் பெயர் உண்டு. பாட்டைக் கட்டிய பெண்ணின் காதலன், அந்த மழை பெய்யும் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவன். வீட்டுக்குப் பயந்து, அவன் பெயர் வரவேண்டிய இடத்திலெல்லாம் மழையின் பெயரைப் போட்டுவிட்டாள். பூ வேறு யாருமில்லை, அவள்தான். வீட்டாரும் மழைப் பாட்டென்று நினைத்துக் கூடவே பாடினார்களாம்.

"அப்ப அந்தப் பூ நனையிறது..." என்று பக்கத்தில் நின்ற வைதேகியிடம் கேட்கத் தொடங்கினாள் சிவகௌரி.

"ஓம் அக்கா, அதேதான்," என்றாள் வைதேகி, சிரிப்பை அடக்கமாட்டாமல்.

சிவகௌரிக்கு ஐயரின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டு கிழமை கோயில் பக்கம் போகவில்லை.

மலியாவின் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடி முடித்தவள், யாருக்காக ஆடினாளோ அவருடைய பெயரை உரக்கச் சொல்லவேண்டும். பாட்டு முழுக்க ஒளித்து வைத்ததை அங்கேதான் வெளியே விடுவது என்றாள் மலியா. வருடக் கடைசி நிகழ்ச்சியில் கணவரின் பெயரைச் சொல்லியே தீருவது என்று சிவகௌரி முடிவெடுத்தாள். குசினியில் சமைத்தபடி தனியே நின்று பழகிப் பார்த்தாள். 'தே' வந்தது. மிச்சம் வர மாட்டேன் என்றது.

வழக்கமாகக் காருக்குள்ளேயே காத்திருக்கும் தேவராஜாவை நிகழ்ச்சியன்று மண்டபத்துக்குள் வந்து இருக்கச் சொன்னாள். ஆட்டம் நன்றாகவே முடிந்தது. மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகக் கணவன் பெயர், பிள்ளை பெயர் என்று சொன்னார்கள். ஒருத்தி தன் நாயின் பெயரைச் சொன்னாள். சிவகௌரியின் முறை வந்தது. மண்டபம் காத்திருந்தது.

"தே..." என்றாள். மலியா தலையசைத்து ஊக்கம் கொடுத்தாள். வாய் தன் பழக்கத்துக்கே போனது.

"இஞ்சாருங்கோ."

மூன்றாவது வரிசையில் ஒரு கதிரை சத்தத்தோடு பின்னால் போனது. தேவராஜா ஆட்களை விலக்கிக்கொண்டு மேடைக்கு ஏறி வந்துவிட்டார்.

"என்னப்பா, கால் நோகுதே?" என்றார், மூச்சு வாங்க.

"நோகேல்லை," என்றாள் சிவகௌரி. மைக் கையில் இருப்பதை அவள் மறந்துபோனாள். "உங்களுக்காகத்தான் ஆடினனான்."

தேவராஜா அவளைப் பார்த்தார்.

"அப்ப சரி," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஆனால் மேடையை விட்டு இறங்கவில்லை.