நான்கு மறுப்பும் ஒரு சம்மதமும்

எழுபதுகளின் தொடக்கம். பாலிடெக்னிக்கில் பீங்கான் தொழில் படித்து முடித்த கையோடு விருத்தாசலத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். கப்பு, சாஸர், ஜாடி செய்வோம். எனக்கு எல்லாவற்றையும் உடனே மாற்றிவிட வேண்டும். முதலில் அரவைக் கொட்டகையை. அங்கே பீங்கானில் சேர்க்கும் வெள்ளைக்கல்லைத் தண்ணீர் விடாமல் காய்ந்தபடியே அரைப்பார்கள். நல்லூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் எட்டு வருடமாக அந்த வேலையில் இருந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. புருவம் வரை கல்மாவு. கொட்டகையிலிருந்து கேட்டுக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து இருமுவார்.

முதலாளி மோசமானவர் இல்லை. ஜப்பானில் மூடிய ஓர் ஆலையின் பழைய மில் விலைக்கு வருவதாக மெட்ராஸ் ஏஜென்ட் சொன்னதும் சரி என்றார். தண்ணீர் ஊற்றி அரைக்கிற மில், தூசி பறக்காது. ஆனால் பழைய மிஷினை வெளிநாட்டிலிருந்து இறக்க சர்க்கார் லைசென்ஸ் வேண்டும்.

"படிச்சவன் நீதானப்பா, எழுது" என்று ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார்.

இந்த மாதிரி மிஷின் உள்நாட்டில் கிடைக்காது என்று காட்ட வேண்டும். ஐந்து கம்பெனிகளுக்கு எழுதினேன். நான்கு பேர் முடியாது என்றார்கள். ஐந்தாமவர், செய்து தரலாம், மூன்று வருடம் பிடிக்கும் என்று எழுதியிருந்தார். அவ்வளவு தாமதம் நமக்குச் சாதகம்தானே? எப்படித் தேடியிருக்கிறோம் என்றும் தெரியட்டுமே! ஐந்து பதிலையும் ஃபாரத்தோடு சேர்த்துக் குத்தி, மேலே பட்டியல் டைப் அடித்து அனுப்பினேன்.

அரவைக்காரர் வாரம் தவறாமல் கேட்பார்.

"இன்னா தம்பி, ஜப்பான்காரன் கெளம்பிட்டானா?"

"கப்பலேறப் போறாண்ணே."

"வரட்டும். நான் குந்திக்கினு அவன வேல வாங்குறேன்."

ஏழு மாதம் கழித்து ஒற்றைத்தாள் வந்தது. நிராகரிப்பு. அன்றைக்கே ரயிலேறி மெட்ராஸ் ஆபீஸுக்கு ஓடினேன். குமாஸ்தா ஃபைலைப் புரட்டி ஐந்தாவது கடிதத்தில் விரலை வைத்தார்.

"உள்நாட்டுல செய்யலாம்னு ஒருத்தன் சொல்றான். அதை நீரே குத்தி அனுப்பியிருக்கீர். அப்புறம் எவன்யா லைசென்ஸ் குடுப்பான்?"

"மூணு வருஷம்னு இருக்குதே சார்."

"எப்பக் கிடைக்கும்னு ஃபாரத்துல கேட்டிருக்கா? கிடைக்குமான்னுதான் கேட்டிருக்கு."

"அதை எடுத்துட்டுப் புதுசா போடட்டுமா?"

"போடும். பழைய ஃபைல்ல இருக்கிற இந்த லெட்டரை யார் எடுப்பா?"

மறுநாள் காலை, கேட்டருகே உட்கார்ந்திருந்த அரவைக்காரரிடம் சொன்னேன். அந்தக் கடிதத்தை வைத்தது நான்தான் என்று சொல்லவில்லை. மில் நம் நாட்டிலேயே கிடைக்கும் என்று சர்க்கார் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இங்கயே செய்றாங்களா? அப்ப நல்லதாப் போச்சு தம்பி. கப்பலு கிப்பலு இல்லாம லாரியிலயே வந்துடும்ல?"

நான் தலையாட்டினேன்.

முதலாளி அந்த ஐந்தாவது கம்பெனிக்கே ஆர்டர் கொடுத்தார். மறு வருடம், மில் வருவதற்கு முன்பே, அரவைக்காரர் இறந்துபோனார். மாலை வாங்கிக்கொண்டு நான்தான் போனேன். சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில் அவருடைய மச்சான் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, அந்த அரவை வேலையில் தன்னைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டான்.

திங்கட்கிழமை வரச் சொன்னேன்.