வேலிக்கு மேலால் வந்த கறன்ற்

அந்த வயரைச் செய்துகொடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் பிழையை மறைத்துக்கொண்டு ஊரைத் திட்டுகிறான் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது. திட்டத்தான் போகிறேன். ஆனால் என்னையும் சேர்த்துத் திட்டுகிறேன்.

கரவெட்டிப் பக்கத்தில் அக்கா வீடு இருக்கும் ஒழுங்கை மிகவும் ஒடுங்கியது. ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் போனால் இரண்டு பக்கத்து வேலியும் உரசும். அந்த ஒழுங்கையின் மேற்குப் பக்க வீடுகளுக்கு, அக்கா வீடும் அதில் ஒன்று, சந்தியிலுள்ள ட்ரான்ஸ்போமரிலிருந்து கறன்ற் வருகிறது. கிழக்குப் பக்கத்துக்குப் பள்ளிக்கூடத்தடி ட்ரான்ஸ்போமரிலிருந்து வருகிறது. ஏன் அப்படிப் பிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மேற்கில் கறன்ற் நின்றால் கிழக்கில் நிற்காது. கிழக்கில் நின்றால் மேற்கில் எரியும். மழை காலத்தில் ஒரு பக்கம் இருட்டும் ஒரு பக்கம் வெளிச்சமுமாகத்தான் அந்த ஒழுங்கை கிடக்கும்.

எங்கள் சனம் கறிவேப்பிலையையும் தேங்காய்ப்பாதியையும் வேலிக்கு மேலால் கொடுத்து வாங்கிப் பழகினது. கறன்றையும் அப்படியே கொடுக்கத் தொடங்கிவிட்டது. அதற்கு ஒரு வயர் வேண்டும். சாதாரண வயர் என்றால் ஒரு முனையில் பிளக்கும் மறுமுனையில் சொக்கற்றும் இருக்கும். இதில் இரண்டு முனையிலும் பிளக். ஒன்றை எரிகிற வீட்டுச் சுவரில் குத்தி, வேலிக்கு மேலால் எறிந்து, மற்றதை இருண்ட வீட்டுச் சுவரில் குத்தினால் அந்த வீடு முழுவதும் எரியும். ஒரேயொரு நிபந்தனை. இருண்ட வீட்டின் மெயின் சுவிச்சை முதலில் இறக்கிவிடவேண்டும். இறக்காவிட்டால் கறன்ற் வீட்டோடு நிற்காது. வந்த வழியே றோட்டுக் கம்பிக்கும் ஏறிவிடும்.

அக்காவின் புருசனுக்கு மூச்சிழுப்பு வருத்தம். ஆவி பிடிக்கிற மெசின் இல்லாமல் அத்தானால் மழையைத் தாண்ட முடியாது. ஒரு மார்கழியில் இரண்டு நாள் கறன்ற் இல்லாமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்து, அக்கா அழுதுகொண்டு நின்றதைப் பார்த்து, நான் அந்த வயரைச் செய்தேன். மெயினை இறக்கிப்போட்டுத்தான் குத்தவேண்டும் என்று நாலு தரம் சொன்னேன். பிறகு கிழக்குப் பக்கத்து எதிர்வீட்டு மாஸ்ரர் தனக்கும் ஒன்று கேட்டார். மூலைவீட்டு அன்ரியும் கேட்டா. செய்தேன். அக்கா வீட்டுச் சுவரில் ஈரம் ஊறி, மாஸ்ரர் வீட்டு ட்ரிப் சுவிச் விழுந்துகொண்டே இருந்தது. கறன்ற் கசிந்தால் விழத்தான் வேண்டும், அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. ஆனால் மாஸ்ரர் முகம் சுளித்தார் என்று, அவர் வீட்டுச் சுவரில் ஒரு சொக்கற்றை மட்டும் ட்ரிப் சுவிச்சைச் சுற்றி நேரே கட்டிக்கொடுத்தேன். அதையும் நான்தான் செய்தேன்.

தெரியாமல் செய்தேன் என்றாலாவது மனம் ஆறும். எனக்குத் தெரியும்.

ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. படகேறி இந்தியாவுக்குப் போய், அகதி முகாமில் வளர்ந்து, மீசை முளைத்ததும் றெயில் பாதைக்கு மேலே கம்பி இழுக்கிற கொந்தராத்து வேலைக்குப் போனேன். அங்கேதான் நியூட்ரல் செக்‌ஷன் என்பதைக் கண்டேன். றெயிலுக்கு மேலே ஓடுகிற கம்பி ஒரே கம்பி போலத் தெரியும், ஆனால் ஒரே கறன்ற் அல்ல. கொஞ்சத் தூரத்துக்கு ஒரு நிலையத்துக் கறன்ற், அதற்கு அப்பால் வேறொரு நிலையத்துக் கறன்ற். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. தொட்டால் வெடிக்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னத் துண்டுக் கம்பியில் கறன்றே விடுவதில்லை. வரும் வழியில் ஒரு பலகை நிற்கும். அதைக் கண்டதும் ட்ரைவர் எஞ்சினின் கறன்றை நிறுத்துவார். ஓடிவந்த வேகத்திலேயே வண்டி அந்தச் செத்த துண்டைத் தாண்டும். அடுத்த பலகையைக் கண்டதும் திரும்பப் போடுவார். 

ஒருநாள் மேஸ்திரியிடம் கேட்டேன், "நடுவிலை வண்டி நிண்டிட்டால் என்ன செய்யிறது?"

"உன்னை மாதிரி பயந்தாங்கொள்ளி ஓட்டுனா நிக்கும்டா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே சொன்னார், "நின்னா நிக்கட்டும். தள்ளிக்கலாம். ரெண்டு கரண்டும் சேந்துச்சுன்னா தள்றதுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

இதைக் கேட்டு, அந்தக் கம்பியில் என் கையால் வேலை செய்துவிட்டு, ஊருக்குத் திரும்பி வந்து, இரண்டு கறன்றையும் சேர்க்கிற வயரை நானே மூன்று வீட்டுக்குச் செய்துகொடுத்திருக்கிறேன். அங்கே ட்ரைவர் மறந்தாலும் கம்பியின் நடுவில் செத்த துண்டு அப்படியே இருக்கும். இங்கே நான் நடுவில் வைத்தது வாயால் சொன்ன ஒரு சொல். "மெயினை இறக்கிப்போட்டு."

போன கார்த்திகையில் அக்காவின் பேரப்பிள்ளை பிறந்து முப்பத்தொராம் நாள். பிள்ளை பெற்ற தீட்டைக் கழிக்கிற துடக்குக் கழிவு. வீடு நிறையச் சனம். முதல்நாள் அடித்த காற்றில் ஒழுங்கை வாசலில் நின்ற பனையின் காவோலை விழுந்து மேற்குப் பக்கக் கம்பி ஒன்று அறுந்துவிட்டது. காலையில் லைன் வேலைக்காரர் இருவர் வந்தார்கள். ஒருவர் வாகனத்தில் இருந்தார். மற்றவர், முப்பது வயது இருக்கும், அக்கா வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுக்கு முன்னால் தூணில் ஏணியைச் சாத்தி ஏறினார்.

ஐயர் வரும் நேரம். தொட்டியில் தண்ணீர் இல்லை. அத்தான் வேலியடியில் நின்று கூப்பிட்டார்.

"மாஸ்ரர், ஒருக்கா எறியுங்கோ!"

"பிடியும், பிடியும்," என்று மாஸ்ரர் அக்கா வீட்டு வயரின் மற்ற முனையை எறிந்தார். அத்தான் மெயினை இறக்கிவிட்டுத்தான் குத்தினார். அதை நான் கண்டேன். அந்த அளவுக்கு அவர் கவனம்தான். ஆனாலும் எனக்குப் பயம்.

"அத்தான், லைன்காரர் தூணிலை நிக்கினம். இண்டைக்கு உது வேண்டாம். நான் கிணத்திலை அள்ளித்தாறன்."

"நூறு பேருக்கு நீ அள்ளப் போறியோ? உன்ரை பயத்தோடை வாழேலாது. மெயின் இறக்கித்தானே கிடக்கு."

நான் பேசாமல் கிணற்றடிக்குப் போனேன். பேசாமல் போனதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். அவர் அரசாங்கக் கந்தோரில் முப்பது வருசம் கதிரையில் இருந்தவர், நான் ஏழாம் வகுப்பு. அது எங்கள் இருவருக்கும் நடுவில் எப்போதும் இருக்கிறது.

கிணற்று மோட்டர் நன்றாக ஓடியது. நல்ல சத்தம், ஒரே சீர். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். திடீரென்று அது முனகியது. கனத்த மூட்டையைத் தலையில் ஏற்றினால் மனிதன் முனகுவானே, அப்படி. பக்கத்து வீட்டிலிருந்து பிள்ளைகள் கத்தினார்கள், "கறன்ற் வந்திட்டுது! கறன்ற் வந்திட்டுது!" அந்த வீட்டு விறாந்தையில் பல்ப் மங்கலாக, மஞ்சள் பூத்து எரிந்தது.

மோட்டர் ஏன் முனகுகிறது? அந்த ஒரு வயர் இப்போது பக்கத்து வீடுகளையெல்லாம் இழுக்கிறது.

ஓடினேன். விறாந்தையில் மெயின் சுவிச் மேலே நின்றது. அதற்குக் கீழே, நல்லூரில் இருந்து வந்திருந்த மருமகன், பிள்ளையின் தகப்பன், கையைத் தட்டிக்கொண்டு நின்றான்.

"மாமா, ஆரோ மெயினை இறக்கி விட்டிருக்கினம். அதுதான் நேற்றிலையிருந்து கறன்ற் இல்லை. நான் போட்டிட்டன்," என்றான். அவ்வளவு சந்தோசம்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயரைப் பற்றி அவனுக்குத் தெரியாது. இறங்கிக் கிடக்கிற சுவிச்சைக் கண்டால் யாரும் ஏற்றத்தான் செய்வார்கள். நான் அவனை இடித்துத் தள்ளி மெயினை இறக்கினேன். பக்கத்து வீட்டு பல்ப் அணைந்தது. பிள்ளைகள் "ஐயோ" என்றார்கள். ஒழுங்கைக்கு ஓடினேன். தலையை நிமிர்த்தி ஏணியைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. ஏணியின் காலைத்தான் முதலில் பார்த்தேன்.

அவர் கீழே நின்றார். கையில் பிளேன்ரீக் கோப்பை. கொஞ்சத்துக்கு முன்னர்தான் அக்கா வடையும் பிளேன்ரீயும் கொடுத்து ஆளை இறக்கியிருந்தா. அவர் குடிக்கவில்லை. அக்காவின் பக்கத்து வீட்டு விறாந்தை பல்ப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப எரிஞ்சது," என்றார். "இப்ப நூந்தது. ட்ரான்ஸ்போமரடிப் பியூஸ் கட்டை என்ரை பைக்குள்ளை கிடக்கு." இடுப்புப் பையைத் தட்டிக் காட்டினார். "பின்னை எங்காலை வந்தது?"

சனம் கூடிவிட்டது.

"ஆர் வீட்டிலை?" என்று கேட்டார். "சண்டைக்குக் கேக்கேல்லை. நான் திரும்ப ஏறவேணும். தெரியாமல் ஏறேலாது. என்ரை வீட்டிலை நான் வருவன் எண்டு பாத்துக்கொண்டிருக்கினம்."

அத்தான் முன்னுக்கு வந்தார். "ஆரும் ஜெனரேற்றர் போட்டிருப்பினம் தம்பி. அங்காலை, கடைப் பக்கம்."

எவ்வளவு லேசாகச் சொன்னார். எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது.

"இல்லைத் தம்பி," என்றேன். "என்ரை அக்கா வீட்டிலையிருந்துதான். அந்த வயரைச் செய்தது நான்."

அக்கா வாசலில் நின்றா. அவவின் முகத்தை நான் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை.

லைன்காரர் கோப்பையை மதிலில் வைத்தார். என்னைப் பேசுவார் என்று நின்றேன். பேசியிருந்தால் நல்லது. "எத்தினை கிடக்கு உப்பிடி?" என்று மட்டும் கேட்டார்.

"மூண்டு."

"மூண்டையும் இந்த ஏணிக்குக் கீழை கொண்டந்து போடுங்கோ அண்ணை. பிறகு ஏறுறன்."

அக்கா வீட்டு வயரைச் சுருட்டினேன். மாஸ்ரர் தன்னுடையதைத் தந்தார். "நான் உதவிக்குத்தானே ஐசே குடுத்தனான். உபகாரம் செய்தவனைக் குற்றவாளி ஆக்கிறீர்," என்றார். மூலைவீட்டு அன்ரி கேற்றைத் திறக்கவில்லை. "என்ரை ஃபிரிட்ஜுக்குள்ளை கிடக்கிற மீனுக்கு நீ பதில் சொல்லுவியோ?" என்று உள்ளே நின்று கேட்டா. "மனிசன் ஒருத்தர் தூணிலை ஏறப்போறார்!" என்று நான் கத்தினேன். இவ்வளவு வருசத்தில் அந்த ஒழுங்கையில் நான் கத்தியதில்லை. கொஞ்சம் பொறுத்து வயர் வேலிக்கு மேலால் வந்து என் காலடியில் விழுந்தது.

திரும்பி வரும்போது அத்தான் சனத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், "எண்டாலும் பாருங்கோ, நாங்கள் பிளேன்ரீ குடுத்தபடியால்தானே ஆள் தப்பினது." இரண்டு பேர் சிரித்தார்கள்.

"சிரியுங்கோ," என்றேன். "ஒரு வாய் தேத்தண்ணி பிந்தியிருந்தால் இந்த முற்றத்திலை இண்டைக்கு எந்தத் துடக்கெண்டு பாத்துச் சிரியுங்கோ."

"நல்லநாளிலை என்ன கதை கதைக்கிறாய்? வயர் செய்தவன் நீ."

"ஓம், நான்தான். அதாலைதான் கத்துறன்."

வயர் வெட்டுகிற குறட்டை எடுத்து மூன்று வயரிலும் ஆறு பிளக்கையும் ஏணிக்குக் கீழே குந்தியிருந்து வெட்டினேன். லைன்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கறன்ற் இருக்கிறதா என்று பார்க்கிற ரெஸ்ரரை எடுத்துக்கொண்டு ஏறினார். "நான் இறங்குமட்டும் நீங்கள் இதிலை நில்லுங்கோ. ஏணியைப் பிடியுங்கோ," என்றார். பிடித்தேன். மேலே அவர் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தொடுகைக்கும் நான் கண்ணை மூடினேன்.

"அண்ணை!"

"என்ன தம்பி? என்ன?"

"ஏணியை ஆட்டாதையுங்கோ. கறன்ற் செய்யாமல் விட்டதை நீங்கள் முடிச்சுப்போடுவியள் போலை கிடக்கு."

பார்த்தால் என் இரண்டு காலும் நடுங்கிக்கொண்டிருந்தன. ஏணி முழுவதும் ஆடியது. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரை மணித்தியாலத்தில் கம்பியைப் பொருத்திவிட்டு அவர்கள் போனார்கள். பிறகு உண்மையான கறன்ற் வந்தது. இந்த முறை பிள்ளைகள் யாரும் கத்தவில்லை. மாஸ்ரர் வீட்டுக்குப் போய் நான் சுற்றிக் கட்டிய அந்தச் சொக்கற்றைத் திரும்பவும் ட்ரிப் சுவிச்சுக்குள் கட்டினேன். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. பந்தியில் எனக்கும் இலை போட்டார்கள். அக்கா பரிமாற வரவில்லை. நான் சைக்கிளை எடுக்கும்போது வாசல் படலையடிக்கு வந்து சொன்னா, "சபையிலை வைச்சு என்ரை வீட்டைக் காட்டிக் குடுத்திட்டாய்."

"தூணிலை ஏறின ஆளைக் காட்டிக் குடுக்கேல்லை அக்கா," என்றேன். அவ உள்ளே போய்விட்டா.

அத்தானின் மெசினுக்கு ஒரு பற்றரி வாங்கி மாஸ்ரர் கையில் கொடுத்தனுப்பினேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு சொல் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். அந்த லைன்காரரின் வீட்டில் யார் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் விடியவிடிய எண்ணியிருக்கிறேன். அக்கா வீட்டில் ஒருவரும் அதை ஒரு தரமாவது கேட்டதாக எனக்குத் தெரியாது.

தை பிறக்க முன்னர் ஒருநாள் பின்னேரம் மழை பிடித்து மேற்குப் பக்கக் கறன்ற் போய்விட்டது. நான் நனைந்துகொண்டு சைக்கிளில் போனேன். ஒழுங்கையின் இரண்டு பக்க வேலியையும் பார்த்துக்கொண்டு போனேன். அக்கா படலையில் நின்றா.

"வயர் ஒண்டும் இல்லை. போ," என்றா. ஒன்றரை மாதத்தில் அவ என்னோடு கதைத்த முதல் கதை அது.

நான் நம்பவில்லை. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு அவவைத் தாண்டி உள்ளே போனேன். அத்தான் மங்கிய வெளிச்சத்தில் விசிறியோடு இருந்தார். "வந்திட்டார் இன்ஸ்பெக்டர்," என்றார். குசினிக்குள் போய், கைபோன் வெளிச்சத்தை அடித்து, வயர் குத்தியிருக்கிறதா என்று சுவரில் ஒவ்வொரு சொக்கற்றாகப் பார்த்தேன்.